செந்துருவும் கருந்துருவும்: பழைய லீவர் ரைஃபிளை வீட்டில் சீரமைக்கும் வழிகள் குறித்த ஒப்பீடு

என் மேசைக்கு வந்த 1892 மாதிரி வின்செஸ்டர் ரைஃபிளின் எண்கோணக் குழலை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். துருவின் அடியிலும் அதன் எட்டு விளிம்புகளும் உளியால் சீவியவை போல நேராக ஓடின. நியூ ஹேவன் என்ற ஊர்ப்பெயரைத் தாங்கிய முத்திரை எழுத்துகளின் ஆழமும் குறையவில்லை. முன்பொரு முறை இதே மாதிரி ரைஃபிள் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அதன் பழைய உரிமையாளர் மெருகுச் சக்கரத்தில் கொடுத்து அதைப் பளபளப்பாக்கியிருந்தார். துரு ஒரு பொட்டுகூட இல்லை. ஆனால் விளிம்புகள் மழுங்கியிருந்தன, எழுத்துகள் பாதி கரைந்திருந்தன, திருகாணித் துளைகளின் ஓரங்கள் கிண்ணம்போல் குழிந்திருந்தன. அப்படித் தேய்ந்த எஃகை யாராலும் திரும்ப வைக்க முடியாது. வீட்டில் கைக்கொள்ளக்கூடிய வழிகளை நான் எடைபோடுவது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்: எந்த வழி குறைந்த அளவு எஃகை எடுத்துக்கொண்டு துருவை நிறுத்துகிறது?

புளூ என்பது துப்பாக்கி எஃகின் மேல் ஏற்றும் நீலக்கருமைப் பூச்சு. பேசப்படும் வழிகள் நான்கு: இருக்கும் துருவைக் கொதிநீரில் கருக்கிப் பழைய பூச்சைக் காப்பது, மருந்தைத் துணியில் தொட்டுத் தேய்க்கும் கோல்டு புளூ, காஸ்டிக் உப்புக் கரைசலில் முக்கியெடுக்கும் ஹாட் புளூ, துருவை வேண்டுமென்றே வளர்த்து அதைக் கருக்கும் ரஸ்ட் புளூ.

வேலையைத் தொடங்குமுன் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். தோட்டாவை மாற்றும் கைப்பிடியான லீவரை இரண்டு மூன்று முறை இயக்கிவிட்டால் போதும் என்று நினைப்பது ஆபத்து. இவ்வகை ரைஃபிள்களில் குழலுக்குக் கீழே ஓடும், தோட்டாக்களை அடுக்கிவைக்கும் குழாயான மேகசினில், துருவேறிய சுருள்வில் காரணமாக ஒரு தோட்டா நகராமல் சிக்கியிருக்கக்கூடும். குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையைக் கண்ணால் பார்ப்பதோடு மேகசினையும் கழற்றிப் பார்த்தாக வேண்டும். அடுத்தது ஆவணம். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டவற்றைத் தொன்மைத் துப்பாக்கிகளாகத் தனியே வகுக்கிறது. அதற்குப் பிந்தியவை வழக்கமான துப்பாக்கிகளே. அவற்றின் வரிசை எண் மெருகுச் சக்கரத்தில் அழிந்துபோனால், அழகு கெடுவதைத் தாண்டிச் சட்டச் சிக்கலும் வரும். பழைய வின்செஸ்டர்கள் பலவற்றுக்கு அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற நகரின் அருங்காட்சியகத்தில் ஆலைப் பதிவேடுகள் உள்ளன. வரிசை எண்ணைக் கொடுத்து, அந்த ரைஃபிள் ஆலையிலிருந்து எந்த வடிவில் வெளியேறியது என்று கடிதம் பெறலாம். உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் அதைப் பெற்றுவிடுவது நல்லது.

கொதிநீர் முறையின் அடிப்படை எளிய வேதியியல். எஃகின் மேல் படரும் செந்துரு தளர்வானது. ஈரத்தைப் பிடித்துவைத்து மேலும் அரிக்கும். அதைக் கொதிநீரில் வைத்தால் இரும்பின் கருநிற ஆக்சைடாக, அதாவது மேக்னடைட்டாக மாறும். அந்தக் கருந்துரு எஃகோடு இறுகப் பற்றி நிற்கும். பழைய நீலப்பூச்சும் ஏறத்தாழ இதே பொருள்தான் என்பதால், செந்துருவை மாற்றும் வெந்நீர் எஞ்சியிருக்கும் பூச்சைத் தொடுவதில்லை. வினிகரும், துரு நீக்கும் கடைக்கரைசல்களும் துருவோடு சேர்த்து அந்தப் பூச்சையும் கரைத்துவிடும். இந்த ஒரு வேறுபாடே எனக்குப் போதுமான காரணம்.

செய்முறை பொறுமையைக் கேட்கும். மரப்பாகங்களையும் உள்ளுறுப்புகளையும் கழற்றிவிட்டு, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும். இயங்கும் உறுப்புகளைத் தாங்கும் நடுக்கூடான ரிசீவரோடு இணைந்த குழல் முழுவதும் அடங்கும் நீளமான தொட்டியில், காய்ச்சி வடித்த நீரை ஊற்றி அரைமணி நேரம் கொதிக்க விட வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் கறையை விட்டுச் செல்லும். குழலை ரிசீவரிலிருந்து திருகிக் கழற்ற வீட்டில் முயலவே கூடாது. நீரிலிருந்து எடுக்கும்போது செம்பழுப்பு நிறம் மறைந்து, விரலால் தொட்டால் வெல்வெட்டுப்போல் ஒட்டும் ஒரு கரும்பொடி படர்ந்திருக்கும். எண்ணெய் நீக்கிய மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் (எஃகு நார்) அதை மென்மையாகத் துடைத்தால், பொடி உதிர்ந்து அடியில் கரும்பழுப்பு எஃகு தெரியும். சிவப்பு எங்கும் எஞ்சாத வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்து, கடைசியில் சூடு ஆறுமுன் எண்ணெய் பூச வேண்டும். என் ரைஃபிளுக்கு மூன்று சுற்றுகள் தேவைப்பட்டன.

கோல்டு புளூவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. செலினியம் சேர்மமும் மயில்துத்தமும் கலந்த அந்த மருந்து, எஃகின் மேல் ஒரு மெல்லிய கரும்படலத்தைப் படியவைக்கும். அது ஆக்சைடு அல்ல. கை பட்டுப் பட்டுச் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒரு திருகாணித் தலையில் விழுந்த கீறலை மறைக்க உதவும். குழல் முழுக்கப் பூசினால் திட்டுத்திட்டாகத் தெரியும். செலினியம் நஞ்சு என்பதால் கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

ஹாட் புளூ இந்தப் போட்டியில் வலுவாகத் தெரியலாம். ஆழ்ந்த, சீரான கருமையைத் தருவது அதுவே. ஆனால் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்த கரைசலை 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி வைத்துக்கொள்ளும் வேலை வீட்டுக்கு உரியதல்ல. ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். குறுகிய இடுக்குகளில் தங்கும் உப்பு, பல வாரங்கள் கழித்தும் வெள்ளையாகக் கசிந்து வரும். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வின்செஸ்டர் ஆலை எல்லாப் பாகங்களுக்கும் ஒரே பூச்சைத் தரவில்லை. குழல் துரு முறையில் கருக்கப்பட்டது. ரிசீவர் வெப்ப முறையில் நீலமானது. லீவரும் சுத்தியலும் மேற்பரப்புக் கடினமாக்கலில் பல வண்ணம் பெற்றன. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் முக்கி ஒரே கருமையாக்கினால், அந்தத் துப்பாக்கியில் ஒருபோதும் இருந்திராத தோற்றம்தான் கிடைக்கும்.

ரஸ்ட் புளூ மட்டுமே கொதிநீர் முறையோடு உண்மையில் மோதத் தகுந்தது. இரண்டும் ஒரே வேதியியல்தான். கொதிநீர் முறை காலம் ஏற்கெனவே தந்த துருவைக் கருக்குகிறது. ரஸ்ட் புளூ அமிலக் கரைசலைத் தடவி, ஈரக்காற்றில் சில மணி நேரம் வைத்து, மெல்லிய புதுத்துருவை வளர்த்தபின் கருக்குகிறது. தடவுவது, துருவேற்றுவது, கொதிக்க வைப்பது, துடைப்பது என்ற சுற்றைப் பல முறை, நாள்கணக்கில் செய்ய வேண்டும். அதன் பலன் மங்கலான பட்டுப்போன்ற மினுமினுப்பு. அந்தக் காலத்துக் குழல்களுக்கு உரிய பூச்சு அதுவே. ஆனால் அதற்கு முதலில் எஃகை வெறுமையாக்கியாக வேண்டும். இயந்திரம் இன்றி, தட்டையான கட்டையைப் பின்னால் வைத்து, ஒவ்வொரு முகத்தையும் கையால் தேய்த்தால்தான் எண்கோண விளிம்புகள் பிழைக்கும். மூலப்பூச்சு முற்றிலும் போய், முன்பே யாரோ மெருகேற்றிக் கெடுத்த ரைஃபிளுக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன். பூச்சு சிறிதாவது மிஞ்சியிருந்தால் கொதிநீரோடு நிறுத்திக்கொள்வேன். லீவரில் மங்கிக் கிடக்கும் சாம்பல் நிறத்தை, இரண்டு நிலைகளிலும் எண்ணெய் பூசி அப்படியே விட்டுவிடலாம்.

தோளில் பதியும் வால்நட் மரக்கட்டைக்கும் இதே கணக்குதான். முன்பொரு கட்டையை உப்புத்தாளால் தேய்த்து ஒரு தவறு செய்தேன். நிறம் அருமையாக வந்தது. ஆனால் மரம் தேய்ந்து, கட்டையின் பின்முனையை மூடும் பிறை வடிவ அடித்தகட்டின் இரும்பு விளிம்பு சுற்றிலும் நகம் தட்டும் அளவுக்கு மேலே நின்றது. ஆலையில் மரம்தான் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்திருக்கும்படி விடப்பட்டிருந்தது. எண்ணெய் ஊறிக் கறுத்த பகுதிக்கு, கால்சியம் கார்பனேட் மாவை அசிட்டோனில் குழைத்துப் பூசிக் காயவிட்டால் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். நெருப்பு அருகில் இல்லாத திறந்தவெளியில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். ஈரத்துணிமேல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால், நசுங்கிய இழைகள் உப்பி மேலே வரும். பிறகு ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகக் கையால் தேய்த்தால் போதும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றக்கூடும். அதை விரித்துக் காயவிட வேண்டும், அல்லது நீரில் மூழ்கவைக்க வேண்டும்.

சீரமைத்த ரைஃபிளைச் சுடலாமா என்பது வேறு கேள்வி. அதற்கான பதிலைப் பூச்சு தராது. வின்செஸ்டரின் முந்தைய 1873 மாதிரியில் பூட்டைத் தாங்கும் முழங்கால் மூட்டுபோன்ற இணைப்புகள் தேய்ந்திருந்தால், பூட்டு இறுகி மூடாது. பழைய கருநிற வெடிமருந்துக் காலத்து எஃகு, பின்னாளில் வந்த புகையில்லா வெடிமருந்தின் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் அளந்து பார்த்துச் சொல்லும்வரை என் 1892, எண்ணெய்த்துணி சுற்றிய நிலையில் அலமாரியில்தான் இருக்கும். கருத்த குழலில் துரு அரித்த சிறு குழிகள் இன்னும் தெரிகின்றன. அவற்றை நான் தேய்க்கவில்லை.