நின்று ஓட்டுவதா, மிதித்து ஓட்டுவதா, உட்கார்ந்து ஓட்டுவதா? மின் வண்டி வாங்குமுன் ஒரு சட்டக் கணக்கு

விளம்பரத்தில் தூரமும் வேகமும் சார்ஜ் ஏறும் நேரமும் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டலாமா என்ற தகவல் பொடி எழுத்தில்கூட இருக்காது. கடையில் விற்கிறார்கள் என்றால் தெருவில் ஓட்டவும் அனுமதி இருக்கத்தானே வேண்டும் என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். விற்பனைக்கு ஒரு சட்டம், சாலைக்கு இன்னொரு சட்டம் என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரியவருகிறது.

நகரத்துக்குள் தினமும் வேலைக்குப் போய்வர மின் வண்டி தேடுபவருக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு: நின்றபடி ஓட்டும் மடக்கு ஸ்கூட்டர், மிதித்தால் மோட்டார் துணைக்கு வரும் மிதிவண்டி, நம்பர் பிளேட்டுடன் வரும் உட்கார்ந்து ஓட்டும் ஸ்கூட்டர். பேட்டரியையும் விலையையும் ஒப்பிட்டு எழுதப் பலர் இருக்கிறார்கள். இங்கே சட்டத்தை மட்டும் பார்ப்போம்.

நின்று ஓட்டும் ஸ்கூட்டர்

மூன்றில் கையாள எளிதானது இதுதான். சட்டத்தில் அதிகம் சிக்குவதும் இதுதான். ஒரே வண்டி எல்லை தாண்டியதும் வேறு பொருளாகிவிடுகிறது.

பிரிட்டனில் இதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் சொந்த ஸ்கூட்டரைத் தனியார் நிலத்தில், நிலத்துக்காரரின் அனுமதியோடு மட்டுமே ஓட்டலாம். 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இதை மோட்டார் வாகனமாகவே பார்க்கிறது. ஆகவே பதிவும் காப்பீடும் வேண்டும். தனியார் ஸ்கூட்டருக்கு அவற்றைப் பெற நடைமுறையில் வழியில்லை. 2020 ஜூலையில் தொடங்கிய சோதனைத் திட்டங்களில் வாடகைக்கு விடப்படும் ஸ்கூட்டர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. காப்பீடில்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், உரிமத்தில் ஆறு தண்டப் புள்ளிகள். கார் உரிமம் பெற்று இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு ஆறு புள்ளிகள் சேர்ந்தால் அந்த உரிமமே போய்விடும். பொம்மை போலத் தெரியும் ஒரு வண்டி காரோட்டும் உரிமையையே பறிக்கக்கூடும் என்பதை வாங்கும்போது எத்தனை பேர் யோசிக்கிறார்கள்?

ஜெர்மனி இதற்கு நேரெதிர். 2019 ஜூன் 15 முதல் இவ்வகை ஸ்கூட்டருக்கென்றே தனி விதிமுறை இருக்கிறது: அதிகபட்சம் மணிக்கு 20 கிலோமீட்டர், ஓட்டுபவருக்குக் குறைந்தது 14 வயது, ஆண்டுதோறும் மாற்ற வேண்டிய காப்பீட்டு ஸ்டிக்கர், நடைபாதையில் ஓட்டத் தடை. உரிமமும் ஹெல்மெட்டும் கட்டாயமில்லை. ஆனால் மது விஷயத்தில் கார் ஓட்டுநருக்கான அதே வரம்புதான். விருந்து முடிந்து காரை விட்டுவிட்டு ஸ்கூட்டரில் திரும்பலாம் என்ற யோசனை அங்கே செல்லாது.

பிரான்ஸ் கணக்கு இன்னும் நுட்பமானது. வேக வரம்பு 25 கிலோமீட்டர், காப்பீடு கட்டாயம். நீங்கள் எவ்வளவு வேகத்தில் போனீர்கள் என்பதோடு, வண்டியால் எவ்வளவு வேகம் போக முடியும் என்பதும் அங்கே கேள்வி. 25-ஐத் தாண்டும் திறனுள்ள ஸ்கூட்டரைப் பொதுச் சாலையில் மெதுவாக ஓட்டினாலும் அபராதம் 1,500 யூரோ வரை போகலாம். 2023 ஏப்ரலில் பாரிஸ் மக்கள் வாக்களித்து விரட்டியது வாடகை ஸ்கூட்டர்களைத்தான். சொந்த ஸ்கூட்டர்களுக்கு அது பொருந்தாது. இந்தச் செய்தியை இரண்டு பக்கமும் தவறாகப் படித்தவர்கள் உண்டு.

சிங்கப்பூரில் 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் ஓட்டக் கூடாது. சாலையிலும் இடமில்லை. மிச்சம் சைக்கிள் பாதைதான். வண்டி 20 கிலோவுக்குள் இருக்க வேண்டும், பதிவு செய்திருக்க வேண்டும், ஓட்டுபவர் எழுத்துத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். வீட்டிலிருந்து அலுவலகம் வரை தொடர்ச்சியான சைக்கிள் பாதை இல்லாதவருக்கு இந்த வண்டி பாதி வழி தள்ளிக்கொண்டு போகும் சுமை. ஜப்பானோ 2023 ஜூலையில் 16 வயதானவர்களுக்கு உரிமமே வேண்டாம் என்று தளர்த்தியது. நம்பர் பிளேட்டும் காப்பீடும் மட்டும் விடவில்லை. இத்தாலி 2024 டிசம்பரில் இறுக்கியது: எல்லா வயதினருக்கும் ஹெல்மெட், கூடவே அடையாள ஸ்டிக்கரும் காப்பீடும்.

இவ்வகை ஸ்கூட்டரைப் பெயர் சொல்லி அனுமதிக்கும் விதி உங்கள் நகரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘தடை என்று எங்கும் எழுதவில்லையே’ என்ற தைரியத்தில் வாங்கக் கூடாத வண்டி இது. தனி விதி இல்லாத இடத்தில் மோட்டார் வாகனச் சட்டம்தான் இதன் மேல் வந்து விழும்.

மிதித்தால் துணைக்கு வரும் மிதிவண்டி

சட்டத்தோடு ஓரளவு சமாதானமாக வாழ்வது இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட் வரை தொடர் திறன், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் துணை நின்றுவிடுவது, மிதித்தால் மட்டுமே மோட்டார் இயங்குவது என்ற மூன்றும் பொருந்தினால் அது வெறும் மிதிவண்டி. மிதிக்காமல் கைப்பிடியைத் திருகியே முழு வேகத்தில் போகலாம் என்றால் அது மொபெட். உடனே நம்பர் பிளேட், காப்பீடு, ஹெல்மெட் எல்லாம் வரும். 45 கிலோமீட்டர் வரை துணை தரும் மிதிவண்டிக்கும் அதே கதி.

இணையத்தில் வாங்குபவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் திருகு கைப்பிடியுடன் மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் போகும் வண்டிக்கும் மிதிவண்டி வகையில் இடமுண்டு. அந்தச் சந்தைக்காகச் செய்த மாதிரி ஐரோப்பாவில் வந்திறங்கினால் பதிவில்லாத மொபெட்.

வாட் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. சட்டம் கேட்பது மோட்டார் சூடேறாமல் நெடுநேரம் தரக்கூடிய திறன். விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் ஏற்றத்தில் சில நொடிகள் தரும் உச்சத் திறன். 750 வாட் என்று பெருமையாக அச்சிட்டிருக்கும் வண்டியில் பொருத்திய தயாரிப்பாளரின் விவரத் தகட்டில் 250 என்று இருக்கலாம். தகட்டில் இருப்பதுதான் சட்டத்துக்குச் செல்லும். தகடே இல்லாத வண்டியைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டாம்.

உட்கார்ந்து ஓட்டும், பதிவுள்ள ஸ்கூட்டர்

பதிவு, உரிமம், காப்பீடு, ஹெல்மெட் என்று காகிதமும் கட்டுப்பாடும் அதிகம். பெட்ரோல் ஸ்கூட்டருக்கான நடைமுறைதான் என்பதால் மர்மம் எதுவும் இல்லை. எங்கே ஓட்டலாம் என்ற சந்தேகமும் எழாது.

இந்தியாவில் பதிவுள்ள ஸ்கூட்டருக்கும் மிதிவண்டிக்கும் நடுவே இன்னொரு வகை இருக்கிறது. மோட்டார் முப்பது நிமிடம் தொடர்ந்து தரும் திறன் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் என்றிருந்து, சோதனை அமைப்பின் ஒப்புதலும் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவும் உரிமமும் வேண்டாம் என்று கடைகள் கூவுவது இதைத்தான். எனக்கு இதில் உற்சாகமில்லை. பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே 25-ல் ஊர்ந்து போவது ஒருபுறம். சட்டம் காப்பீட்டைக் கேட்கவில்லை என்பதற்காக விபத்து நடக்காமல் இருக்காது; மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாத வண்டி ஒருவரை இடித்தால் இழப்பீடு சொந்தப் பணத்திலிருந்துதான் போகும். காலனிக்குள் கடைக்குப் போய்வர இது போதும். பிரதான சாலையில் பத்துக் கிலோமீட்டர் அலுவலகம் போக பச்சை நம்பர் பிளேட் உள்ள ஸ்கூட்டரையே சொல்வேன்.

ரயிலில் ஏற்ற முடியுமா?

மடக்கு ஸ்கூட்டர் வாங்குபவர்களின் முக்கியத் திட்டமே ரயில் பாதி, ஸ்கூட்டர் பாதி என்பதுதான். பேட்டரி தீ விபத்துகளுக்குப் பிறகு இந்தத் திட்டம் பல நகரங்களில் அடிபட்டுவிட்டது. லண்டன் பொதுப் போக்குவரத்து அமைப்பு 2021 டிசம்பரில் சொந்த மின் ஸ்கூட்டர்களைத் தடை செய்தது, மடித்துக் கையில் வைத்திருந்தாலும். பார்சிலோனா 2023 பிப்ரவரியில் அதே முடிவுக்கு வந்தது. லண்டன் சுரங்க ரயிலில் மடக்கு மின் மிதிவண்டிக்கு இன்னும் இடம் உண்டு. ரயிலையும் நம்பியிருப்பவருக்கு இந்த ஒரு காரணமே ஸ்கூட்டரை விட்டு மடக்கு மிதிவண்டிக்குப் போகப் போதுமானது.

பழைய வண்டி வாங்குவோருக்கு இன்னொரு சோதனை உண்டு. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை மாற்றியோ செயலி வழியாகவோ வேகத் தடையை நீக்கியிருந்தால் வண்டி சட்டப்படி வேறு வகைக்குத் தாவிவிடும். பழைய சான்றிதழ் அதற்குப் பொருந்தாது. விற்பவரிடம் அசல் ஒப்புதல் சான்றைக் கேளுங்கள். சமதளமான தனியிடத்தில் முழு வேகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 25-ல் நிற்க வேண்டிய வண்டி 38 காட்டினால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.