ஏழு ஆண்டுகள் ஒரே கலைத்திட்ட மென்பொருளுடன்

நான் பணியாற்றும் அமெரிக்கப் பள்ளி மாவட்டத்தில், மழலையர் வகுப்பிலிருந்து 12-ஆம் வகுப்பு வரைக்குமான கலைத்திட்டத்தை எழுதவும் திருத்தவும் ஆசிரியர்களிடம் கொண்டுசேர்க்கவும் ஏழு ஆண்டுகளாக ஒரே மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறோம். அதற்கு முன்பு கூகுள் டாக்ஸும் எக்செல் தாள்களுமே எங்கள் கருவிகள். ஒரே பாடத்துக்கு வெவ்வேறு பள்ளிகளில் வெவ்வேறு பதிப்புகள் புழங்கின. அவற்றுள் மாவட்டத்தின் ஒப்புதல் பெற்றது எது என்று கேட்கவே ஆசிரியர்கள் எங்களை அழைக்க வேண்டியிருந்தது. அந்தக் குழப்பம் முதல் ஆண்டிலேயே தீர்ந்தது. ஆனால் மென்பொருளின் உண்மையான பயன் எங்கே இருக்கிறது, அது எதைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கிறது என்பதை உணர்ந்துகொள்ள எனக்கு மேலும் சில ஆண்டுகள் பிடித்தன.

பயனைச் சொல்ல, பின்னங்களைப் பற்றிய ஓர் அனுபவமே போதும். எந்த வகுப்பில் மாணவர் எதைக் கற்றிருக்க வேண்டும் என்று வகுத்து, அமெரிக்க மாநிலங்கள் பலவற்றுக்குப் பொதுவாக 2010-இல் வெளியான காமன் கோர் கணிதத் தரநிலைகளில், சமான பின்னங்கள் ஏன் சமமாகின்றன என்று மாணவர் விளக்க வேண்டும் என்பது நான்காம் வகுப்புக்கு உரியது (4.என்எஃப்.ஏ.1), வேற்றினப் பின்னங்களைக் கூட்டுவதும் கழிப்பதும் ஐந்தாம் வகுப்புக்கு உரியவை (5.என்எஃப்.ஏ.1). முன்னது கைவராமல் பின்னது வராது. மென்பொருளில் இரண்டு வகுப்புகளின் ஆண்டுத் திட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான், நான்காம் வகுப்பில் அந்த அலகு ஆண்டின் கடைசி வாரங்களில், மாநிலத் தேர்வுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடப்பதும், ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்கள் அதே அறிவை நம்பிச் செப்டம்பரிலேயே முதல் அலகைத் தொடங்குவதும் தெரிந்தன. இரண்டையும் எழுதியவை வெவ்வேறு குழுக்கள். இரு குழுவினரும் தத்தம் வேலையைச் செம்மையாகவே செய்திருந்தார்கள். நாங்கள் அந்த அலகை எட்டு வாரங்கள் முன்னே நகர்த்தினோம். தனித்தனிக் கோப்புகளாக இருந்த காலத்தில் இதை யாரும் கண்டிருக்க வழியில்லை.

மறைக்கும் குறை, மூன்றாம் ஆண்டில் மென்பொருள் தந்த அறிக்கையில் வெளிப்பட்டது. எல்லாத் தரநிலைகளும் கற்பிக்கப்படுகின்றன என்று அது காட்டியது; மாவட்டக் கல்விக் குழுவும் மகிழ்ந்தது. எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. ஆறாம் வகுப்பு ஆங்கிலத்தில் ஓர் அலகைத் திறந்து பார்த்தேன்: நான்கு வாரங்களில் முடிய வேண்டிய அதனுடன் 19 தரநிலைகள் இணைக்கப்பட்டிருந்தன. பாடத்தில் போகிறபோக்கில் தொட்டுச் செல்வதையெல்லாம் குறியிட மென்பொருள் இடம் கொடுக்கிறது, எழுதுபவரும் எதையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் குறியிட்டுவிடுகிறார். அதன் பிறகு ஒரு விதி வகுத்தோம்: ஓர் அலகுக்கு ஐந்து தரநிலைகளுக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றையும் மாணவர் எட்டினாரா என்று காட்டும் ஒரு மதிப்பீடாவது அந்த அலகிலேயே இருக்க வேண்டும். அடுத்த அறிக்கை ஓட்டைகளோடு வந்தது. குறிப்பாகப் பேசுதல், கேட்டல் தரநிலைகளுக்கு ஏறக்குறைய எந்த வகுப்பிலும் மதிப்பீடே இல்லை. அந்த அறிக்கையை வைத்துத்தான் எங்களால் வேலை செய்ய முடிந்தது.

எந்தப் பாடம் எப்போது கற்பிக்கப்படுகிறது என்று கலைத்திட்டத்தை வரைபடமாக்கும் சிந்தனையை அமெரிக்கக் கல்வியாளர்களான ஃபென்விக் இங்கிலீஷும், பின்னர் 1990-களில் ஹைடி ஹேய்ஸ் ஜேக்கப்ஸும் முன்னெடுத்தபோது, ஏட்டில் இருப்பதைவிட வகுப்பறையில் உண்மையில் நடப்பதைப் பதிவதே அதன் உயிராக இருந்தது. எங்கள் மென்பொருளோ திட்டத்தை எழுத, நிரப்ப வேண்டிய 14 கட்டங்களைத் தந்துவிட்டு, நடந்ததை எழுத ஒன்றைக்கூடத் தரவில்லை. ஆசிரியர்களுடன் உட்கார்ந்து அந்த 14-ஐ ஆறாகக் குறைத்தோம். அலகு எத்தனை நாள் எடுத்தது, எது விடுபட்டது என்று இரண்டு வரி எழுத ஒரு கட்டத்தைச் சேர்த்தோம். கோடையில் திருத்தம் செய்ய உட்காரும்போது நான் முதலில் படிப்பது இந்த வரிகளைத்தான்.

மாநிலம் தன் தரநிலைகளைத் திருத்திப் புதிய குறியீடுகளுடன் வெளியிட்ட ஆண்டை மறக்க முடியாது. மென்பொருள் தரநிலைகளை வெறும் எழுத்து வரிகளாகச் சேமித்திருந்ததால், பழையதற்கு ஈடான புதியது எது என்று ஒவ்வோர் அலகிலும் கையால் மாற்றினோம். ஒரு கோடை முழுவதும் போயிற்று. தரநிலைகளை மென்பொருள்கள் தமக்குள் பரிமாறிக்கொள்வதற்காக 2017-இல் வெளியான கேஸ் (CASE) என்னும் பொது வடிவத்தில் ஒவ்வொரு தரநிலைக்கும் மாறாத தனி அடையாள எண் உண்டு. இன்ன தரநிலைக்குப் பதிலாக இன்னது வந்தது என்ற தொடர்பையும் அதில் பதியலாம். எங்கள் மென்பொருள் தாமதமாகவே அதை ஏற்றது. ஏற்ற பிறகு, அறிவியலில் வந்த சிறிய திருத்தம் சில நாள் வேலையில் முடிந்தது.

தேடல் வசதி நன்று. மாணவர்கள் பாடங்களையும் பயிற்சிகளையும் பெறும் கற்றல் மேலாண்மைத் தளத்துடனான இணைப்பு இன்னும் அரைகுறைதான். பாடப் பொருள்கள் இரண்டு இடங்களில் இருப்பதால் ஓரிடத்தில் செய்த திருத்தம் மற்றோரிடத்துக்குப் போவதில்லை.

இந்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன், எங்கள் தரவு முழுவதையும் வெளியே எடுத்துப் பார்த்தோம். அழகான பிடிஎஃப் கோப்புகள் கிடைத்தன. அலகுகளின் பட்டியல் ஒரு விரிதாளாகக் கிடைத்தது. ஆனால் எந்த மதிப்பீடு எந்தத் தரநிலைக்கு உரியது என்ற பிணைப்பு எதிலும் இல்லை. ஏழு ஆண்டு உழைப்பில் நாங்கள் மிகவும் மதிப்பது அந்தப் பிணைப்புகளைத்தான். புதிதாக ஒரு மென்பொருளை வாங்க எண்ணுபவர்கள், செயல்விளக்கத்தின்போதே ஓர் அலகை முழுமையாக வெளியே எடுத்துத் தரச் சொல்லி, அதை வேறொரு கருவியில் திறந்து பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். பிணைப்புகளோடு தரவைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையைப் புதிய ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேட்டிருக்கிறோம்; நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.