தெளிந்த ஜெல் கட்டி: துப்பாக்கிச் சேனல்கள் காட்டும் அங்குலக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

துப்பாக்கி வீடியோ பார்ப்பவர்களுக்கு இந்தக் கட்டியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உடல் திசுவுக்குப் பதிலாகத் தோட்டாவைச் சோதிக்க, மேசைமேல் நிறமில்லாத ஒரு நீள ஜெல் கட்டி இருக்கும். தோட்டா நுழைந்ததும் உள்ளே ஒரு குழி விரிந்து சுருங்கும், கட்டி எகிறிக் குதிக்கும். அடுத்து ஒரு அளவுகோலை வைத்து "பதினைந்து அங்குலம்" என்பார்கள். கருத்துப் பகுதியில் சண்டை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அமெரிக்கச் சேனல்களில் அதிகம் தென்படுவது கிளியர் பலிஸ்டிக்ஸ் போன்ற நிறுவனங்களின், 10 சதவீத ஜெலட்டினைப் போலச் செய்த செயற்கை ஜெல். இரண்டு தோட்டாக்களை அருகருகே ஒப்பிட்டுப் பார்க்க இது நல்ல பொருள். அந்த அங்குலத்தை அப்படியே எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) தர அளவாகச் சொல்வதற்கு மட்டும் இது தகுதியானதல்ல. பெரும்பாலான வீடியோக்கள் அதைத்தான் செய்கின்றன.

வசதி என்று பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. 16 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 6 அங்குல உயரம். கனிம எண்ணெயில் செய்தது, துளித் தண்ணீர் கிடையாது. அதனால் பூஞ்சை பிடிக்காது, ஃப்ரிட்ஜ் வேண்டாம், உருக்கித் திரும்ப ஊற்றலாம்.

அசல் ஜெலட்டின் கட்டியோ பெரிய வேலை. 250 புளூம் (ஜெலட்டினின் இறுக்கத்தைச் சொல்லும் அளவு) ஏ வகைத் தூள் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, இரண்டும் எடைக் கணக்கில். தூளைக் குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, பிறகு மெதுவாகச் சூடாக்க வேண்டும். 40 டிகிரி செல்சியஸை வெகுவாகத் தாண்டினால் ஜெலட்டினின் வலு குறையும், கட்டி தளர்ந்துவிடும். நுரை அடங்கவும் பூஞ்சை வராமல் இருக்கவும் சில துளி இலவங்கப்பட்டை எண்ணெய் விடுவார்கள். ஒன்றரை நாளாவது 4 டிகிரியில் வைத்து, வெளியே எடுத்த அரை மணி நேரத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும். வாரம் ஒரு வீடியோ போட வேண்டியவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது தெரிந்ததே. அதில் தப்பும் இல்லை.

பிரச்சினை, தோட்டா போக வேண்டிய ஆழத்துக்கு எஃப்.பி.ஐ. வைத்த 12 முதல் 18 அங்குலம் என்ற எல்லை எந்தப் பொருளுக்கு வகுக்கப்பட்டது என்பதை மறப்பதில் இருக்கிறது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இறந்தார்கள். சந்தேக நபர் ஒருவரின் கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 மி.மீ. தோட்டா இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதன்பிறகுதான் குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18-ஐத் தாண்ட வேண்டாம் என்ற அளவுகோல் உருவானது. அது 4 டிகிரியில் உள்ள 10 சதவீத ஜெலட்டினுக்கான அளவு. ராணுவ மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் உயிருள்ள தசையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்ததும் அந்த ஜெலட்டினைத்தான்.

"எங்கள் கட்டியும் பிபி சோதனையில் தேறியது" என்பது சேனல்காரர்களின் வழக்கமான பதில். சோதனை இதுதான்: 0.177 அங்குல எஃகுக் குண்டை நொடிக்கு 590 அடி வேகத்தில், 15 அடி கூடக்குறைய, சுட வேண்டும். அது சுமார் 8.5 செ.மீ. ஆழத்தில் நிற்க வேண்டும், ஒரு செ.மீ. முன்பின் இருக்கலாம். செயற்கை ஜெல்லையும் இதில் தேற வைக்கலாம்தான். ஆனால் குறைந்த வேகத்தில் குண்டை நிறுத்துவதில் பொருளின் இறுக்கத்துக்குப் பெரிய பங்கு. கைத்துப்பாக்கித் தோட்டா நொடிக்கு ஆயிரம் அடிக்கு மேல் வரும்போது அதை முதலில் தடுப்பது அடர்த்தி. செயற்கை ஜெல் தண்ணீரைவிட லேசானது, 16 அங்குலக் கட்டி ஏறக்குறைய 8 கிலோதான் வரும். அதே அச்சில் ஊற்றிய ஜெலட்டின் 10 கிலோவை நெருங்கும். தராசு இருந்தால் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். பிபி குண்டு ஒரே ஆழத்தில் நின்றாலும் தோட்டா பொதுவாகச் செயற்கை ஜெல்லில் கூடுதல் ஆழம் போவதற்கு இந்த எடை வித்தியாசம் முக்கியக் காரணம். 13 அங்குலம் காட்டிய தோட்டா அசல் ஜெலட்டினில் 12-ஐத் தொடாமலே போகலாம். "தேறியது, தேறவில்லை" என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுதுவதை ஏற்க முடியாது.

தம்ப்நெயிலில் வரும் அந்த நெருப்புப் பொறிக்கு வருவோம். ஸ்லோ மோஷனில் கட்டிக்குள் பளிச்சென்று ஒரு வெளிச்சம் தெரியும். உள்ளே விரிந்த குழி சுருங்கும்போது எண்ணெய் ஆவியும் காற்றும் அழுந்திச் சூடாகிப் பற்றிக்கொள்வதால் வருவது அது. டீசல் இன்ஜினில் நடப்பதும் இதுவே. தண்ணீர் நிறைந்த உடல் திசுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதைக் காட்டித் தோட்டாவின் சக்தியைப் புகழ்வது பார்ப்பவரை ஏமாற்றும் வேலை. கட்டி எகிறுவதும் அப்படித்தான், காயத்தின் அளவு அதில் தெரியாது. விரிந்து உடனே சுருங்கும் தற்காலிகக் குழியின் அகலத்தைக் காயத்தின் அகலமாகக் காட்டுவது இன்னும் மோசம். பெரும்பாலான திசுக்கள் நீண்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், கைத்துப்பாக்கி வேகத்தில் அந்த விரிவுக்குப் பெரிய விளைவு இல்லை. தோட்டா நேராக நசுக்கிப் போன தடம்தான் கணக்கு.

நல்ல வீடியோவை எப்படிப் பிரித்தறிவது? சுடுவதற்கு முன் பிபி குண்டு நின்ற ஆழம் திரையில் வர வேண்டும். குரோனோகிராஃப் (தோட்டாவின் வேகத்தை அளக்கும் கருவி) காட்டும் வேகம் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனியாக வேண்டும். எந்த நீளக் குழலில் சுட்டார்கள் என்பதும் முக்கியம். 3 அங்குலக் குழலில் விரியாத ஹாலோ பாயிண்ட் (உள்ளே போனதும் விரிய நுனியில் குழி வைத்த தோட்டா) 5 அங்குலக் குழலில் அழகாக விரியலாம். முன்னால் துணி இருக்க வேண்டும், ஏனென்றால் ஹாலோ பாயிண்டின் வாயில் துணி அடைத்துக்கொண்டால் அது விரியாமல் சாதாரணத் தோட்டா போலவே ஊடுருவிப் போய்விடும். வெற்று ஜெல்லில் மட்டும் சுடுபவர் இந்தக் கோளாறைப் பார்க்கவே மாட்டார். ஒரே ஒரு தோட்டா சுட்டு முடிவு சொல்லும் வீடியோவை அங்கேயே மூடிவிடலாம்.

லக்கி கன்னர் என்ற தோட்டா விற்பனை நிறுவனம் வெளியிட்ட சோதனை இந்த வகையில் பாராட்டத்தக்கது. அவர்கள் பயன்படுத்தியதும் செயற்கை ஜெல்தான். ஆனால் துணி அடுக்கு வைத்து, ஒவ்வொரு வகையிலும் ஐந்து தோட்டா சுட்டு, ஐந்தின் எண்களையும் போட்டார்கள். விற்பனைக்காரர் என்ற சந்தேகத்தை எதிர்கொள்ள அதைவிட நேர்மையான வழி இல்லை. 2024-இல் மறைந்த யூடியூப்பர் பால் ஹாரல் பன்றி விலா, ஆரஞ்சுப் பழம், துணி எல்லாம் அடுக்கி இலக்கு செய்தார். எலும்பும் வெற்றிடமும் கலந்த உடலுக்கு அது நெருக்கம் என்று அவர் ரசிகர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு விலா எலும்புத் துண்டுகள் ஒன்றுபோல இருக்காது. அதனால் ஒப்பீட்டுக்கு ஜெல்லே மேல்.

யூடியூப் 2018 மார்ச்சில் துப்பாக்கி தயாரிப்பு, விற்பனை வீடியோக்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. 2024 ஜூனில் தானியங்கித் துப்பாக்கி, வீட்டில் செய்த துப்பாக்கி ஆகியவற்றைச் சுடும் காட்சிகளுக்கு வயது வரம்பு வந்தது. ஜெல் வீடியோவுக்கு அந்தச் சிக்கல் குறைவு, பார்வைக்கும் கவர்ச்சி. அப்படியிருக்க, தோட்டா நிறுவனமே ஸ்பான்சர் என்றால் அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

வாங்குவதாக இருந்தால் ஒன்று போதாது, இரண்டாக வாங்குங்கள். நுனி வரை உலோக உறை மூடிய, விரியாத சாதாரண 9 மி.மீ. தோட்டா 16 அங்குலத்தைச் சுலபமாகத் தாண்டும். இரண்டையும் இடைவெளியின்றி ஒட்டி வைத்து, பின்னால் மண் மேடு இருக்கும்படி சுட வேண்டும். கட்டி லேசாகக் கோணலாக இருந்தாலும் தோட்டா பக்கவாட்டில் வெளியேறும். ஒரு தடத்துக்கும் அடுத்ததுக்கும் மூன்று அங்குலமாவது விடுங்கள். நெருங்கினால் புதுத் தோட்டா பழைய கிழிசலுக்குள் நழுவி, பொய்யான ஆழம் காட்டும். ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்பதற்காக வெயிலில் போட்டுவிடக் கூடாது, சூட்டில் இதுவும் இளகும். உருக்கும்போது சிறு துண்டுகளாக வெட்டி, ஈயத் துணுக்கையும் துணி நூலையும் எடுத்துவிட்டு, 120 முதல் 130 டிகிரிக்குள் பொறுமையாக உருக்குங்கள். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் புகைந்து மஞ்சளாகும். உருகியதைக் கம்பி வலையில் வடிகட்டி, குமிழ்கள் மேலே வரும்வரை சூட்டிலேயே விட்டு ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முறை ஊற்றிய பிறகும் பிபி குண்டு சுட்டு ஆழத்தைக் கட்டியின் ஓரத்திலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். ஆழம் 9.5 செ.மீ.யைத் தாண்ட ஆரம்பித்தால் அந்தக் கட்டியை ஒப்பீட்டுக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம்.