ஏஎம்டி கார் வைத்திருப்பவர்களே, உஷார்! இல்லாத கோளாறுக்கு என் இரண்டு மாதச் சம்பளம் போச்சு

இன்றைக்குத்தான் உண்மை தெரிந்தது. வயிறு எரிகிறது. ஏஎம்டி (கிளட்ச் பெடல் இல்லாமல் வண்டியே கியர் மாற்றிக்கொள்ளும் வகை) வேலையில் கெட்டிக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப், ஒரு கோளாறும் இல்லாத வண்டிக்கு என்னிடம் இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடுங்கிவிட்டது.

செகண்ட் ஹேண்ட் கார். நாமே கியர் மாற்றும் மேனுவல் மோடில் லீவரை முன்னால் தள்ளினால் கியர் ஏற வேண்டும். என் பழைய காரில் அப்படித்தான். இதில் நாலாவது கியரில் தள்ளினால் மூன்றுக்கு இறங்கி இன்ஜின் அலறியது. வேகத்தில் தள்ளினால் பீப் சத்தம் மட்டும்தான், கியர் மாறாது. லீவர் ஓரத்துப் ப்ளஸ், மைனஸ் குறிகள் அழிந்து போயிருந்தன.

சூப்பர்வைசர் என்னோடு வண்டியில் வந்தார். அவரே லீவரைத் தள்ளினார், காது கொடுத்துக் கேட்டார், லேப்டாப்பை மாட்டி ஏதோ சிவப்பு எழுத்தைக் காட்டினார். "கிளட்சையும் கியரையும் இயக்குற ஆக்சுவேட்டர் போயிடுச்சு சார், கிளட்சும் அவுட். குடும்பத்தோட போற வண்டி, நடுரோட்டுல நின்னா என்ன பண்ணுவீங்க?" சொந்த அண்ணன் மாதிரி பேசினார். சாவியைக் கொடுத்தேன்.

வண்டி திரும்பி வந்தது. தள்ளினால் அதே இறக்கம், அதே அலறல். "கம்ப்யூட்டர் கத்துக்கணும் சார், ஓட்ட ஓட்ட சரியாயிடும்" என்றார்கள். அப்புறம் "சார் வெளியே போயிருக்கார்". அப்புறம் போனையே எடுப்பதில்லை. பழைய கிளட்ச் எங்கே என்றால் ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். பில்லில் 'கியர் வேலை' என்று ஒரே வரி. இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஒரு வரி!

இன்று வேறொரு மெக்கானிக் காரின் கையேட்டைப் பிரித்துப் படத்தைக் காட்டினார். இந்த மாடலில் முன்னால் தள்ளினால் மைனஸ், கியர் இறங்கும்; பின்னால் இழுத்தால் ப்ளஸ், கியர் ஏறும். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான திசை கிடையாது. பிரேக் போட்டால் உடம்பு முன்னால் போகும், வேகமெடுத்தால் பின்னால் சாயும். கையும் அதே பக்கம் போகட்டும் என்றுதான் சிலர் இப்படி வைக்கிறார்களாம். அந்த பீப்? அந்த வேகத்தில் கியரை இறக்கினால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றும் என்று வண்டியே மறுத்திருக்கிறது. கிளட்ச் மாற்றினால் வண்டியின் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதை ஒர்க்‌ஷாப்பிலேயே ஸ்கேனர் மாட்டி முடித்துத்தான் வண்டியைத் தர வேண்டும். அதற்கும் லீவர் திசைக்கும் சம்பந்தமே இல்லை.

லீவரைத் தட்டியதும் டேஷ்போர்டில் கியர் எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். கையேட்டைப் பாருங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் எரர் கோடு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பாகத்தைக் கண்ணில் காட்டாமல் காசைக் கொடுக்காதீர்கள்.