ஆண்டுக்கணக்கில் காப்பகத்தில் இருக்கும் பூனை: முகாமா, ரீலா, ஃபாஸ்டர் வீடா?

நான்கைந்து ஆண்டாகக் காப்பகத்தில் இருக்கும் பூனைக்கு வீடு தேடும்போது எல்லோரும் முதலில் யோசிப்பது, இன்னும் எத்தனை பேருக்கு அதைக் காட்டலாம் என்றுதான். அந்தப் பூனையை ஏற்கெனவே நூற்றுக்கணக்கானோர் பார்த்தாயிற்று. அவர்கள் பார்த்தது கூண்டின் பின் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு சுருண்டு கிடந்த ஓர் உருவத்தை. அதே உருவத்தை இன்னும் ஆயிரம் பேருக்குக் காட்டினாலும் பலன் இல்லை. பயம் தெளிந்த நிலையில் அந்தப் பூனையை நாலு பேர் பார்த்தால் போதும். எந்த வழி அதற்கு இடம் கொடுக்கிறது என்பதே இங்கே எங்கள் அளவுகோல்.

எடுத்துக்கொண்டது சென்னை, கோவை போன்ற ஊர்களில் சாதாரணமாகக் காணும் ஒரு நிலை: கருத்தடை ஆன நாட்டுப் பூனை, வயது ஐந்துக்கு மேல், குட்டிகளோடு போட்டி போட முடியாதது.

எந்த வழியில் போனாலும் முதலில் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். "சிடுமூஞ்சி, தொட்டால் அடிக்கும்" என்று பெயர் வாங்கிய பூனைகளில் பலவற்றுக்கு உண்மையில் பல்வலி அல்லது ஈறு அழற்சி இருக்கும். எச்சில் ஒழுகுதல், வாய் நாற்றம், ட்ரை ஃபுட்டை வாயில் எடுத்துக் கீழே போடுதல் ஆகியவை அறிகுறிகள். பல் சுத்தம் செய்து, கெட்ட பல்லைப் பிடுங்கிய பிறகு குணமே மாறிப்போவதுண்டு. அதோடு எஃப்ஐவி (உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்), எஃப்இஎல்வி (பூனை ரத்தப்புற்று வைரஸ்) சோதனை, எட்டு வயது தாண்டியிருந்தால் சிறுநீரக ரத்தப் பரிசோதனை, ரேபிஸ் உள்ளிட்ட தடுப்பூசிகள், குடற்புழு மருந்து. எஃப்ஐவி பெரும்பாலும் ஆழமான கடிக்காயம் வழியாகவே பரவும். அது தொற்றிய பூனையும் வீட்டுக்குள் பல ஆண்டு நன்றாக வாழலாம். எஃப்இஎல்வி எச்சில் வழியாகவும் பரவுவதால், வேறு பூனை இல்லாத வீடுதான் அதற்குச் சரி. முடிவுகளை எல்லாம் ஒரே தாளில் எழுதி வையுங்கள். வயதான பூனையை எடுக்கத் தயங்குபவர் பயப்படுவது தெரியாத செலவுக்கு. தெரிந்த செலவுக்கு அவ்வளவு பயப்பட மாட்டார்.

முகாம்

தத்து முகாம் குட்டிகளுக்கு அருமையான இடம். இந்தப் பூனைக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. வண்டிச் சத்தம், ஒலிபெருக்கி, பக்கத்துக் கூண்டில் நாய்க்குட்டி, முகத்துக்கு நேரே நீளும் கைகள். பூனை உறைந்துபோகும்: காது தட்டையாகும், கண்மணி விரியும், உடல் தரையோடு ஒட்டும். பார்ப்பவர் அதை நோயாளி என்று நினைப்பார். சிலர் "ரொம்ப அமைதி" என்று பாராட்டுவார்கள். இரண்டுமே தப்பு.

இன்னொரு சிக்கல் பின்னால் வரும். காப்பகப் பூனைகளில் பெரும்பாலானவை குட்டியிலேயே ஹெர்பெஸ் கிருமியை வாங்கியிருக்கும். அது நரம்பில் பதுங்கியிருந்து, பூனை மிரண்டால் மீண்டும் தலைதூக்கும். ஆனால் மிரண்ட அன்றே தெரியாது; ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத்தான் தும்மலும் கண்ணீரும் தொடங்கும். முகாமில் ஞாயிறன்று கொடுத்த பூனை அடுத்த ஞாயிறு புது வீட்டில் தும்மும். வாங்கியவர் "நோயாளிப் பூனையைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்பார். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு, முன்பே யாரும் சொல்லவில்லை அல்லவா?

ஆகவே பூனையைக் கொண்டுபோகாதீர்கள். அதன் வீடியோவை ஒரு டேப்லெட்டில் ஓடவிட்டு, நேரில் பார்க்க விரும்புபவரின் எண்ணை வாங்குங்கள். முகாமில் இதைவிடப் பெரிய வரவு, "பூனை எடுக்க முடியாது, ஆனால் ஏதாவது செய்யணும்" என்று நிற்பவர்கள். அவர்கள்தான் நாளைய ஃபாஸ்டர்கள், அதாவது பூனையைத் தற்காலிகமாகத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள்.

பதிவும் ரீலும்

செலவில்லாத வழி, அதனாலேயே அரைகுறையாகச் செய்யப்படும் வழி. பத்துப் பூனையை ஒரே பதிவில் போட்டால் குட்டிக்கு மட்டும் போன் வரும். ஒரு பதிவுக்கு ஒரு பூனை. கம்பி தெரியாத படம். தரையில் படுத்து, பூனையின் கண்மட்டத்தில் கேமராவை வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி. கறுப்புப் பூனையென்றால் வெளிர்நிறத் துணிமேல் உட்காரவைத்து, போன் திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கண்ணும் ஒரு கறுப்புத் திட்டும்தான் வரும். சகுனம் பார்ப்பவர்களை மாற்றும் வேலை பதிவுக்கு வேண்டாம், நல்ல படம் இருந்தால் போதும்.

வீடியோ 20 நொடி போதும். பூனை மெல்லக் கண்ணை மூடித் திறக்கும் காட்சி கிடைத்தால் அதையே முதலில் வையுங்கள். மனிதர் மெல்லக் கண்ணிமைத்தால் பதிலுக்குக் கண்ணிமைக்கும் காப்பகப் பூனைகளுக்குச் சீக்கிரம் வீடு கிடைத்ததாக 2020-இல் இங்கிலாந்தில் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. பாட்டுப் போட்டு சோகமாக்கிய ரீலைவிட இது பல மடங்கு மேல்.

"ஆறு வருஷமா யாரும் எடுக்கல, பாவம்" என்று எழுதாதீர்கள். பகிர்வு குவியும், வீட்டுக்கு வந்து பார்ப்பவர் இருக்க மாட்டார். படிப்பவர் மனதில் "அப்போ இதுக்கு ஏதோ குறை" என்றும் விழும். அதற்குப் பதிலாக: "தூக்கினால் பிடிக்காது. நீங்கள் லேப்டாப்பில் வேலை பார்த்தால் ஒரு கை தூரத்தில் வந்து உட்காரும். காலை ஆறு மணிக்குச் சோறு கேட்கும். சின்னப் பிள்ளைகள் இல்லாத வீடு நல்லது." இதைப் படித்துப் பத்துப் பேர் விலகுவார்கள், விலகட்டும்.

ரீலின் பலவீனம் ஒன்றுதான்: அதில் காட்டுவதற்குப் பூனை முதலில் இயல்பாக இருக்க வேண்டும். கூண்டில் அது நடக்காது. அதனால்தான் அடுத்த வழி.

ஃபாஸ்டர் வீடு

எங்கள் தீர்ப்பு இதற்குத்தான். தற்காலிக வீட்டில் ஆறு வாரம் இருந்த பூனையைப் பற்றிக் காப்பகம் ஐந்து ஆண்டில் அறியாததெல்லாம் தெரியவரும்: மிக்ஸி ஓடினால் எங்கே ஓடுகிறது, குக்கர் விசிலுக்குப் பழகுகிறதா, சோபாவைக் கீறுகிறதா, காலிங் பெல் அடித்ததும் கதவருகே போகிறதா, பாட்டியின் மடியில் ஏறுகிறதா. தத்து எடுக்க வருபவர் கேட்பதும் இதையேதான்.

செய்யும் முறையில்தான் வெற்றியும் தோல்வியும். முதல் நாளே வீடு முழுக்கத் திறந்துவிட்டால் பூனை பீரோவுக்குப் பின்னால் போய்விடும்; அங்கிருந்து இழுத்தால் கடி நிச்சயம். ஒரே அறை, ஜன்னல் மூடியபடி. ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, இரண்டு பக்கம் வழி வெட்டியது. (பெட்டி கொடுத்த காப்பகப் பூனைகள் முதல் சில நாட்களிலேயே பதற்றம் குறைந்து காணப்பட்டதாக நெதர்லாந்தில் 2014-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அட்டைப்பெட்டிக்கு ஆகும் செலவு பூஜ்யம்.) லிட்டர் டிரே (பூனை கழிக்கும் மண் தட்டு) பூனையின் உடல்நீளத்தில் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், சோற்றுத் தட்டுக்கு எதிர்மூலையில் வையுங்கள். காப்பகத்தில் ஆற்று மணலோ எம்-சாண்டோ போட்டுப் பழகிய பூனைக்குக் கடையில் விற்கும் பெண்டோனைட் (களிமண்) லிட்டர் என்னவென்றே தெரியாது. பழைய மணலில் இரண்டு கிலோ கூடவே அனுப்பி, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். படுக்கையில் மூத்திரம் போகிறது என்று திரும்பி வரும் பூனைகளில் கணிசமானவை இந்த ஒன்றைச் செய்யாததால் வந்தவை.

சாப்பாடும் காப்பகத்தில் கொடுத்த அதே வகை, இரண்டு வாரத்துக்கு. 48 மணி நேரம் எதுவும் தின்னாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதுவும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். கடுவன் பூனை டிரேயில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் அடுத்த நாள் வரை பொறுக்கக் கூடாது, அன்றைக்கே.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் 10 முதல் 14 நாள் முகம் பார்க்காமல் வையுங்கள். இரண்டின் துணிகளையும் மாற்றிப் போட்டு வாடையைப் பழக்குங்கள். பிறகு மூடிய கதவின் இருபுறமும் சோறு, அதன்பின் கதவைக் கொஞ்சம் திறந்து. இதை அவசரப்படுத்தி ஒரு சண்டை நடந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

தரை துடைக்கப் பினாயில், டெட்டால் வேண்டாம். இவற்றிலுள்ள வேதிப்பொருட்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். சைவ வீடுகள் பூனை வளர்க்கலாம், ஆனால் பூனை சைவம் ஆகாது. தயிர்சாதத்தில் பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்து போதிய அளவு கிடையாது. அது குறைந்தால் பார்வையும் இதயமும் கெடும். பாக்கெட் பூனை உணவை வீட்டுக்குள் அனுமதிப்பார்களா என்று பெரியவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள், இளையவர் தலையாட்டினால் போதாது.

ஃபாஸ்டரின் குறைகளும் உண்டு. ஆள் கிடைப்பது கடினம். "கொஞ்ச நாள்" என்று பேசி வைத்தால் அது ஓராண்டாகி, அவர் அடுத்த பூனைக்கு வரவே மாட்டார். ஆறு வாரம் என்று தேதி போட்டு எழுதுங்கள், முடியாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்பதையும் சேர்த்து. மருத்துவச் செலவு யாருடையது என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். ஃபாஸ்டரே பூனையை வைத்துக்கொண்டால் அதைத் தோல்வி என்று கிண்டல் செய்கிறார்கள். பூனைக்கு வீடு கிடைத்துவிட்டது, வேறென்ன வேண்டும்?

காப்பகத்துக்குள்ளேயே ஓர் அறை

ஃபாஸ்டர் கிடைக்காத இடங்களில் அடுத்த சிறந்தது. எட்டுக்குப் பத்தடி அறை போதும்: ஒரு நாற்காலி, பழைய கட்டில், சுவரில் இரண்டு பலகை, வலையடித்த ஜன்னல். ஒத்துப்போகும் இரண்டு பூனைகளுக்கு மேல் விடாதீர்கள். வருபவரைத் தனியாக 20 நிமிடம் உட்காரவையுங்கள். போனைப் பார்த்துக்கொண்டு பூனையைக் கண்டுகொள்ளாமல் இருப்பவரிடம்தான் அது முதலில் வரும்.

தினம் ஐந்து நிமிடம் கிளிக்கர் (அழுத்தினால் 'கிளிக்' என்று சத்தம் போடும் சிறு கருவி) பயிற்சி கொடுக்கலாம்: குச்சி நுனியை மூக்கால் தொட்டால் கிளிக், உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. 2017-இல் அமெரிக்காவில் 100 காப்பகப் பூனைகளுக்கு இரண்டு வாரத்தில் 15 முறை, முறைக்கு ஐந்து நிமிடம் வீதம் பழக்கியதில், கூச்ச சுபாவமுள்ளவையும் கற்றுக்கொண்டன. கூண்டின் முன்பக்கம் வரப் பழகிய பூனையைப் பார்வையாளர் கவனிக்காமல் போக முடியாது. ஃபாஸ்டருடன் ஒப்பிட்டால் இங்கே மிக்ஸியும் இல்லை, குழந்தையும் இல்லை, தெரியவருவது பாதிதான்.

டிரையல்: இரண்டு வாரமா, இரண்டு மாதமா?

"14 நாள் வைத்துப் பாருங்கள்" என்பது குட்டிக்குச் சரி. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்த பூனை, முதல் வாரம் முழுக்கக் கட்டிலுக்கடியில் கிடக்கலாம். இரவில் மட்டும் தின்னும், டிரேக்குப் போகும். 14-ஆம் நாள் முடிவு கேட்டால், இன்னும் பழகி முடியாத கட்டத்தில் முடிவு கேட்கிறோம். இரண்டு மாதம் கொடுங்கள். இரண்டாம் நாள், ஏழாம் நாள், மூன்றாம் வாரம் நீங்களே போன் செய்யுங்கள், "எப்படி இருக்கு?" என்றால் "நல்லாருக்கு" என்றுதான் வரும். "எங்கே தூங்குது? நேத்து எவ்வளவு தின்னுச்சு?" என்று கேளுங்கள். திரும்பி வந்தாலும் ஒரு வீட்டின் தகவல் கையில் இருக்கிறது. அதைப் பதிவில் சேருங்கள்.

கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாமா என்ற சண்டை ஓயாது. இலவசமாக எடுத்தவருக்கும் காசு கொடுத்து எடுத்தவருக்கும் பூனைமேல் உள்ள பிணைப்பில் வேறுபாடு இல்லை என்று 2009-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. தள்ளுபடி செய்யுங்கள், விசாரணையைத் தள்ளுபடி செய்யாதீர்கள். ஹவுஸ் ஓனர் சம்மதம், பால்கனி வலை இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். புறாவுக்கு அடிக்கும் நைலான் வலையைப் பூனை கடித்து அறுத்துவிடும், ஸ்டீல் வலைதான்.

ஜோடியாகத்தான் கொடுப்போம் என்று பிடிவாதம் பிடிப்பதற்குமுன் அவை உண்மையில் ஜோடியா என்று பாருங்கள். ஒட்டித் தூங்கி, ஒன்றையொன்று நக்கிவிடுபவை ஜோடி. ஒரே கூண்டைப் பகிர்பவை வெறும் அறைத்தோழர்கள். இரண்டு நாள் பிரித்து வைத்ததும் தின்பது குறைந்து, கத்திக்கொண்டே இருந்தால் பிரிக்காதீர்கள்.

குடோனும் தோட்டமும்

மனிதக் கை பட்டாலே சீறும், எத்தனை மாதமானாலும் மாறாத பூனைகள் சில உண்டு. அவற்றுக்குச் சோறு, தண்ணீர், மருந்துக்குப் பொறுப்பேற்கும் ஆள் இருக்கிற தோப்பு, நர்சரி, குடோன் பொருந்தலாம். கொண்டுபோன அன்றே அவிழ்த்துவிட்டால் பூனை ஓடிப்போகும். அங்கேயே பெரிய கூண்டிலோ அடைத்த அறையிலோ மூன்று நான்கு வாரம் வைத்து, வேளை தவறாமல் சோறு போட்டு, அந்த இடத்தின் வாடை பழகியபின் மாலைச் சோற்றுக்குச் சற்று முன் திறக்க வேண்டும். எலி மருந்து வைக்கும் குடோன் கூடவே கூடாது. குட்டியிலிருந்து காப்பகத்துக்குள்ளேயே வளர்ந்த பூனைக்கு நாயும் லாரியும் தெரியாது. அதற்கு இந்த வழி வேண்டாம். பழைய தெருவில் கொண்டுபோய் விடுவதும் வேண்டாம், அந்த எல்லையை வேறு பூனைகள் எப்போதோ பிடித்தாயிற்று.

எந்த வழியானாலும் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் பூனையை இடம் மாற்றாதீர்கள். வெடிச்சத்தத்தில் கதவிடுக்கில் தப்பும் புதுப் பூனைக்குத் திரும்பிவர வழி தெரியாது. கொடுத்தே ஆகவேண்டிய நிலையென்றால் பண்டிகை முடியும்வரை ஜன்னலில்லாத உள்ளறையில் வைக்கச் சொல்லி, போன் எண் எழுதிய, இழுத்தால் கழன்றுவிடும் கழுத்துப்பட்டையோடு அனுப்புங்கள்.