டேம்பர் கடைய எந்தக் கட்டை: பலாவா, கோப்பியா, தேயிலையா?

எஸ்பிரெசோ மெஷினோட வர்ற பிளாஸ்டிக் டேம்பர், அதான் கோப்பித் தூள அமுக்குற கட்டை, தூள் போடுற பாஸ்கட்டுக்குள்ள லூசா ஆடும், தூள் ஒரு பக்கம் கெட்டியா ஒரு பக்கம் தொளதொளன்னு அமுங்கும், தண்ணி லேசான பக்கமாவே ஓடிரும், கோப்பி புளிப்பும் கசப்புமா வந்து நிக்கும். அதனால இலங்கை மலைநாட்டுல ஹட்டன் பக்கம் தெரிஞ்ச அண்ணனோட கடைசல் பட்டறையில நானே கடைய ஆரம்பிச்சேன், மூனு மரத்துலயும் செஞ்சு தினமும் பாவிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதுறேன்.

பலா தான் லேசு. நிக்கிற பலாவ நினைச்சபடி வெட்ட முடியாது, 1951ல வந்த சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை மூனுக்கும் அனுமதி எடுக்கனும், ஆனா நமக்கு வேண்டியது ஒரு சாண் கட்டை தானே, பழைய கட்டில் கால் ஒன்னு போதும். பல வருசமா காஞ்ச மரம், வெடிக்காது, உளி வச்சா சுருள் சுருளா வரும், மஞ்சளா இருக்கிறது நாளாக ஆக தேன் கலருக்கு வந்துரும். முதல் தடவை கடையிறவங்க இதுலயே தொடங்குங்க. குறைன்னா, சிங்க் ஓரத்துல தட்டுப்பட்டாலே பள்ளம் விழுது.

கோப்பிக் கட்டை மேல எனக்கு தனி ஆசை. இந்த மலையெல்லாம் தேயிலைக்கு முன்னாடி கோப்பி தானே, 1869ல இலைத்துரு நோய் வந்து அழியத் தொடங்குச்சு, இப்ப வீட்டுத் தோட்டத்துல ஒன்னு ரெண்டு நிக்கிறது தான். வெளிர் நிறம், நெருக்கமான நார், கடைஞ்சா வழவழன்னு வரும். ஆனா தண்டு மெல்லிசு, நடுக்குருத்து கட்டைக்குள்ளேயே மாட்டிக்கிது, காயும்போது அங்க இருந்து தான் வெடிப்பு கிளம்பும். நாலு கட்டையில ஒன்னு தான் எனக்கு தப்புச்சு.

தேயிலைக்கு வருவோம். பழைய விதைத் தேயிலைய புடுங்கிட்டு புதுசா நடும்போது அடிக்கட்டையெல்லாம் விறகுக்குத் தான் போகுது, அத பாக்க மனசு கேக்கல எனக்கு. திரும்பத் திரும்ப கவ்வாத்து வெட்டுன செடி, அடியில முறுக்கி முறுக்கி தடிச்சிருக்கும், அந்த முறுக்குல வர்ற கோலம் பலாவுலயும் இல்ல கோப்பியிலயும் இல்ல. சரியான கெட்டி. உளிய அடிக்கடி தீட்டனும், முடிச்சு வர்ற இடத்துல மெல்ல மெல்ல எடுக்கனும், அவசரப்பட்டா பிச்சுக்கும். வெட்டின அன்னைக்கே ரெண்டு முனையிலயும் மெழுகு பூசுங்க, நிழல்ல வைங்க, வாராவாரம் சமையல் தராசுல நிறுத்துப் பாருங்க, எடை குறையிறது நிக்கிற வரைக்கும் லேத்துல ஏத்தாதீங்க. காஞ்சு முடிஞ்ச தேயிலை பிடி கையில கல்லு மாதிரி இருக்கும். என் தேர்வு இது தான், சந்தேகமே இல்ல.

அடிப்பாகமும் மரமா, இல்ல ஸ்டீலா? இதுல நான் பிடிவாதமா ஸ்டீல்னு தான் சொல்லுவேன். முழு மரத்துல பெப்ரவரி வெயில்ல 58 மில்லிமீட்டருக்கு அளந்து கடைஞ்சேன், ஜூலை மழையில ஒரு பக்கம் 58.4, குறுக்க 58.2, பாஸ்கட்டுல சிக்கிக்கிச்சு. மரம் ஈரத்த குடிச்சா வளையத்தோட போற வாக்குல உப்புற அளவுக்கு குறுக்கு வாக்குல உப்பாது, வட்டம் முட்டை மாதிரி ஆயிரும். ஸ்டீல் பேஸ் வாங்கி பிடிய மட்டும் கடைஞ்சா அந்தத் தொல்லையே இல்ல, பாரமும் கிடைக்கும். பேஸ் வாங்க முன்னாடி பாஸ்கட்ட அளந்துருங்க, எல்லாமே 58 இல்ல, 51, 54ன்னும் இருக்கு. ஸ்க்ரூ ஓட்டைய கட்டை லேத்துல இருக்கும்போதே முதல்ல துளைச்சு, பிறகு வெளிப்பக்கத்த கடைங்க, அப்ப தான் பிடி கோணாம நிக்கும்.

பூச்சுக்கு தேங்கா எண்ணெய் வேணாம், நாளானா சிக்கு வாடை வருது. டங் ஆயில் (டங் மரத்து விதையில எடுக்கிற எண்ணெய்) மெல்லிசா மூனு தடவை, நடுவுல நல்லா காய விட்டு.

இப்ப எங்க அடுப்புக்கு மேல ஆறு தேயிலை கட்டை தொங்குது. ஒன்னு 410 கிராம்ல இருந்து 290க்கு வந்து மூனு வாரமா அதுலயே நிக்குது, அத இந்த ஞாயித்துக்கிழமை லேத்துல ஏத்துறேன்.