ஒரு சொல், இரண்டு அகராதி: ஸ்காட்ஸ் மொழி அகராதித் தளம் எப்படி?

எந்த அகராதியையும் எடைபோட ஒரே ஒரு பழஞ்சொல் போதும். ஸ்காட்ஸ் என்பது ஸ்காட்லாந்தில் பேசப்படும், ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவான மொழி. அதன் அகராதிகளின் இணையதளத்துக்கு (டிஎஸ்எல்) ஏற்ற சொல் 'லவுஸ்'. விடுவித்தல், அவிழ்த்தல் என்று பொருள். எல்-ஓ-டபிள்யூ-எஸ்-இ என்று தட்டுங்கள். ஆங்கில 'லூஸ்' எழுத்துக்கூட்டலை (எல்-ஓ-ஓ-எஸ்-இ) போட்டால் பேன் வந்து நிற்கும். ஸ்காட்ஸில் பேனுக்கு அதுதான் பெயர்.

தளம் இலவசம். உள்ளே இருப்பவை இரண்டு பெரிய அகராதிகள்: 1700 வரையிலான மொழிக்கு 12 தொகுதி பழைய அகராதி (வெளியீடு 1931–2002), அதற்குப் பிந்தைய மொழிக்கு 10 தொகுதி தேசிய அகராதி (1931–1976). இரண்டையும் ஒரே பெட்டியில் தேடலாம். ஆனால் பதிவுகளை ஒன்றாகத் தைக்கவில்லை. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஒன்றை மட்டும் படித்தால் சொல்லின் வாழ்க்கை 1700-ல் அறுந்துவிடும்.

'லவுஸ்' எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். கட்டை அவிழ்ப்பது, கைதியை விடுவிப்பது என்பவை எதிர்பார்த்தவைதான். சுவை சட்டப் பொருள்களில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 'வாட்செட்' என்று ஓர் ஏற்பாடு இருந்தது: கடன் கொடுத்தவர் நிலத்தை வைத்து அனுபவிப்பார், பணம் திரும்பினால் நிலமும் திரும்பும். நம் ஒத்தியேதான். அந்த நிலத்தை மீட்பதும் 'லவுஸ்'. கடனாளியின் சொத்து மூன்றாமவர் கையில் இருக்கும்போதே முடக்கிவைக்கும் ஆணையை நீக்குவதற்கும் இதே சொல். பிறகு தேசிய அகராதிக்கு வந்தால் கலப்பையிலிருந்து குதிரையை அவிழ்ப்பது, அதிலிருந்து வேலையை முடிப்பது. 'லவுஸிங் டைம்' என்றால் வேலை விடும் நேரம். ஏர் அவிழ்க்கிற நேரம் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

மேற்கோள்கள்தான் தளத்தின் உயிர். ஆண்டோடு, பெரும்பாலும் பழையதிலிருந்து புதியதாக அடுக்கியிருப்பதால் பொருள் நகர்வது கண்ணுக்குத் தெரியும். நூல் சுருக்கக் குறியீடுகள் முதலில் மிரட்டும்; நூற்பட்டியலை இன்னொரு தாவலில் திறந்துவைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. பழைய அகராதியில் உச்சரிப்புக் குறிப்பு கிடையாது. விடுவித்தலுக்கான இன்னொரு சொல்லான 'அசோய்லி'யைத் தேடும்போது அது உறைக்கும். எழுத்தில் இசட் இருக்கும் (ஏ-எஸ்-எஸ்-ஓ-ஐ-எல்-இசட்-ஐ-இ), வாய் அதைச் சொல்லாது. 'யோக்' என்ற பழைய எழுத்துக்கு அச்சு இல்லாமல் அச்சகத்தார் இசட்டைப் போட்ட வினை அது. பழைய அகராதி யோக்கையே அச்சிடுகிறது. விசைப்பலகையில் அதைத் தேடி அலைய வேண்டாம். சந்தேக எழுத்தின் இடத்தில் உடுக்குறி (*) போட்டுத் தேடுங்கள். பாவமன்னிப்பில் தொடங்கிய 'அசோய்லி', பிரதிவாதியை வழக்கிலிருந்து விடுவிக்கும் சொல்லாக ஸ்காட்லாந்து உரிமையியல் நீதிமன்றங்களில் இன்றும் இருக்கிறது. அப்படி விடுவித்தால் அதே வழக்கை மறுபடி தொடுக்க முடியாது; வெறும் தள்ளுபடிக்கு அந்தப் பலம் இல்லை.

பொருள் மட்டும் போதுமென்றால் ஒற்றைத் தொகுதி 'கன்சைஸ் ஸ்காட்ஸ்' அகராதியின் 2017 பதிப்பு கைக்கு அடக்கம், இரு காலத்தையும் ஒரே பதிவில் தரும். மேற்கோள் வேண்டுமா, தளத்துக்குத்தான் வரவேண்டும்.